நான்காம் வார்த்தை எனக்குக் கிடைக்காத பெரிய வெள்ளி

ஊர் சுற்றிப் பார்க்கப் போன பயணம் அல்ல இது. பிரசங்கம் செய்யக் கூப்பிட்டார்கள், போனேன். கூப்பிட்ட விதத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. அதையும் சேர்த்தே எழுதுகிறேன். பெரிய வெள்ளிக்கு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போக நினைப்பவர்கள் பேருந்து, அறை விவரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடலாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். லெந்து என்ற நாற்பது நாள் நோன்புக் காலம் முடியும் தறுவாயில் வரும் பெரிய வெள்ளியன்று, எங்கள் பக்கத்துச் சபைகளில் பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை மும்மணி ஆராதனை நடக்கும். சிலுவையில் தொங்கும்போது இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவார்கள். நடுநடுவே பாட்டு. யாருக்கு எந்த வார்த்தை என்பதில் இருக்கும் நுட்பம் வெளியாட்களுக்குப் புரியாது. மன்னிப்பைக் கேட்கும் முதல் வார்த்தை போதகருக்கு. தாயை ஒப்படைக்கும் மூன்றாம் வார்த்தை பெண்களில் ஒருவருக்கு. தகப்பன் தன்னைக் கைவிட்டது ஏன் என்று கேட்கும் நான்காம் வார்த்தை, யார் பேசினால் சபை அழுமோ அவருக்கு. ஐந்தாம் வார்த்தை தாகம். வேதத்தில் அது ஒரு முழு வரிகூட இல்லை, ஒரே சொல். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும், ஒன்றுமே கொடுக்காவிட்டால் கோபித்துக்கொள்கிறவர்களுக்கும் கொடுப்பது.

எனக்குக் கொடுத்தது ஐந்தாம் வார்த்தை.

ராஜபாளையத்தில் நான் ஞானஸ்நானம் பெற்ற அந்தச் சபையில் நான்காம் வார்த்தையைப் பல ஆண்டுகள் பேசியவர் என் அப்பா. பள்ளி ஆசிரியர். நான் விவரம் தெரிந்த நாள் முதல் கல்லூரி முடிக்கும்வரை ஒவ்வொரு பெரிய வெள்ளியும் கேட்ட பிரசங்கம் அது. ஒரு சொல் மாற்ற மாட்டார். அவர் காலமானபின் அந்த வார்த்தை எனக்கு வந்திருக்க வேண்டும். என் அத்தை மகன் ஜெபராஜுக்குப் போனது. ஜெபராஜ் என்னைவிட மூன்று வயது இளையவன், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் வைத்திருக்கிறான். சிறுவயதில் திக்குவாய் வேறு. 'ப' என்று தொடங்கும் சொல் வந்தால் கதவில் முட்டிக்கொண்டவன்போல நின்றுவிடுவான். நான் இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கியவன். கோவையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பேசுவதுதான் என் பிழைப்பு. ஊரில் இருப்பவனுக்கு ஒரு நியாயம், ஊரை விட்டுப் போனவனுக்கு ஒரு நியாயம்.

இந்த ஆண்டு புதிதாக வந்திருக்கும் இளம் போதகர் தொலைபேசியில் அழைத்தார். "சார், பெரிய வெள்ளிக்கு நீங்க ஒரு வார்த்தை எடுத்துப் பேசணும்" என்றார். எந்த வார்த்தை என்று நான் கேட்கவில்லை. புது ஆள், நியாயம் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். லெந்து முழுவதும் கல்லூரி முடிந்து வந்து நான்காம் வார்த்தைக்குக் குறிப்பெடுத்தேன். பெரிய வாரத்துக்கு முந்திய வாரம் வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் வந்தது. நான்காம் வார்த்தை: திரு. ஜெபராஜ். அதற்குக் கீழே என் பெயர், பட்டங்களோடு. பட்டங்களில் ஒன்று விடுபட்டிருந்தது.

போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் அவனுக்கு வசதியாகப் போய்விடும் என்பதால், தாகத்துக்குப் புதிதாகக் குறிப்பெழுதிக்கொண்டு போனேன்.

பெரிய வியாழன் காலை கோவை சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் ஏழேகாலுக்கு ராஜபாளையம் வண்டி கிடைத்தது. திண்டுக்கல், மதுரை, கல்லுப்பட்டி வழி. கட்டணம் முந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல். மதுரைவரை உட்கார இடம் கிடைத்ததே பெரிது, தொடர் விடுமுறை. வலதுபக்க ஜன்னலோரம் உட்காருங்கள். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மேற்கு மலை முழுதாகத் தெரியும். அங்கிருந்து கூமாப்பட்டிப் பக்கம் போகும் சாலையில் தென்னந்தோப்புகள் பச்சையாக இருந்தன. மலை மட்டும் அந்த வெயிலில் சாம்பல் பூசிக்கொண்டு கிடந்தது.

ராஜபாளையத்தில் ஜெபராஜ் வீடு இருக்கிறது. போதகரும் அங்கேயே தங்கலாம் என்றார். நான் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்பே ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிவிட்டேன். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் விடுதி. ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் ரூபாய், ஏ.சி. இல்லை, மாடியில் அறை. ஜன்னலைத் திறந்தால் ஆண்டாள் கோவில் கோபுரத்தின் மேல்பாதி தெரியும். சுத்தமான அறை. உறவுக்காரர்கள் வீட்டுச் சாப்பாட்டைவிடத் தொள்ளாயிரம் ரூபாய் மலிவு என்பது என் அனுபவம்.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளை வேட்டி, சட்டையோடு கீழே இறங்கினேன். ராஜபாளையத்துக்குப் பேருந்து அடிக்கடி உண்டு, பதினைந்து ரூபாய்தான், அரை மணி நேரம். புதுப் பேருந்து நிலையத்திலிருந்து சபைக்கு ஆட்டோ. அறுபது ரூபாய் கேட்டார், கொடுத்தேன். ஆட்டோக்காரர் பெயர் காதர். நாற்பது வயது இருக்கும். என் உடையைப் பார்த்துவிட்டு அவராகவே பேச ஆரம்பித்தார்.

"சர்ச்சுக்கா சார்? மூணு மணி நேரக் கூட்டம் இன்னைக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம ஸ்டாண்டு சர்ச்சுக்கு எதுக்கதான சார். வெளிய ஒலிபெருக்கி கட்டியிருப்பாவ. வருசா வருசம் கேப்பேன். நாலாவதா ஒருத்தர் பேசுவாரு பாத்துக்கிடுங்க, ஜெபராஜ் அண்ணாச்சின்னு. சவாரி வந்தாக்கூட செத்த நேரம் இருங்கன்னு சொல்லிட்டுக் கேப்போம். எம்புட்டு ஆளுக அழுதிருக்காவ தெரியுமா!"

"அஞ்சாவது யார் பேசுவாங்க?"

"அஞ்சாவதா?" அவர் யோசித்தார். "அப்பந்தான் சார் நாங்க டீ குடிக்கப் போவோம்."

பதினொன்றரைக்குச் சபைக்குள் நுழைந்தேன். போகிறவர்கள் கவனத்துக்கு: பதினொன்றரைக்கே போய்விடுங்கள், பிறகு உள்ளே இடம் கிடையாது. எல்லாரும் வெள்ளை உடுத்தியிருப்பார்கள். பீடத்தில் பூ இருக்காது. காலையிலிருந்து மூன்று மணிவரை பலர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். பிரசங்க பீடத்தில் அன்று மட்டும் தண்ணீர் வைப்பதில்லை என்பது அந்தச் சபை வழக்கம். அது என் அப்பா கொண்டுவந்த வழக்கம். நான் கைப்பையில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருந்தேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, அப்பாவுக்கு இருந்ததுபோல.

பேசுகிற ஏழு பேருக்கும் முதல் பெஞ்சு. ஜெபராஜ் எனக்கு முன்பே வந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாங்கத்தான். நைட்டு நம்ம வீட்டுக்கு வருவியன்னு பாத்துக்கிட்டே இருந்தோம்."

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல ரூம் போட்டுட்டேன்."

"அதென்ன அத்தான், வீடு இருக்கையில லாட்ஜு? அவ கோச்சுக்கிடுவா. சரி, பொறவு பேசிக்கிடலாம். எனக்கு இப்பமே பயம் வந்துட்டு."

பயந்திருந்தது உண்மைதான். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது.

மூன்று வார்த்தைகள் முடிந்தன. போதகர் நன்றாகவே பேசினார். மூன்றாம் வார்த்தையை எடுத்தவர் எலிசபெத் டீச்சர், என் அப்பாவோடு வேலை பார்த்தவர். வெளியே வெயில், உள்ளே விசிறிகள் அனலைக் கிளறிக்கொண்டிருந்தன. பாட்டு முடிந்ததும் ஜெபராஜ் எழுந்து படியேறினான். அவன் பேசி நான் கேட்டதே இல்லை. பெரிய வெள்ளிகளில் நான் கோவையில் என் மனைவியின் சபையில் இருப்பேன்.

முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. அப்பாவின் பிரசங்கம். சாயல் என்று சொல்ல மாட்டேன். அதே பிரசங்கம், அதே வரிசை, அதே நிறுத்தங்கள். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவர், தான் ஒரு கேள்வி கேட்டபோது அதற்குப் பதில் வரவில்லை என்று தொடங்கி, அந்த மத்தியானத்து இருட்டுக்கு வந்து, இருட்டில் நின்றவர்களுக்கு வருகிற பிரசங்கம். எனக்கு ஒரு புத்தகம்கூட வைத்துவிட்டுப் போகாத மனிதர் இவனுக்கு முழுப் பிரசங்கத்தையும் வாயில் ஊட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஊர் இவனுக்காக அழுகிறது. ஆட்டோக்காரர் சவாரியை நிறுத்துகிறார்.

அப்போது செய்தேன். செய்ய வேண்டும் என்று திட்டமிட்டுப் போகவில்லை. ஆனால் தொடங்கியபின் நிறுத்தவும் இல்லை. முதல் பெஞ்சில், அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, அவன் அடுத்துச் சொல்லப்போகும் வரியை அவனுக்கு முன்பாக உதடுகளால் சொன்னேன். சத்தமில்லாமல். இது யாருடைய பேச்சு என்று எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியட்டும் என்றுதான். அவன் பார்த்தான். மறுபடி பார்த்தான். பார்வையை எடுக்கவில்லை.

"கேட்டவர் மகன்" என்றான். "கேட்கப்பட்டவர் தகப்பன்."

அடுத்தது எனக்குத் தெரியும், நடுவில் ஒரு பதிலும் இல்லை என்று வரவேண்டும். நான் உதட்டால் சொல்லி முடித்துவிட்டேன். அவன் சொல்லவில்லை. நின்றான். வாய் சற்றே திறந்திருந்தது. பதில் என்ற சொல்லில் 'ப' இருக்கிறது என்பது எனக்கு உடனே தோன்றியது. பழைய திக்கு வந்துவிட்டது. எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. பெரிய வெள்ளியன்று அப்படி ஒன்றை உணர்ந்ததற்கு நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும், படவில்லை.

குளிர்ச்சி நிலைக்கவில்லை. அவன் நிற்க நிற்க, பெண்கள் பக்கத்தில் யாரோ விம்மினார்கள். பிறகு இன்னொருவர். கேள்விக்குப் பதில் வராத அந்த நேரத்தை இவன் நின்று காட்டுகிறான் என்று சபை நினைத்துக்கொண்டது. எலிசபெத் டீச்சர் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டார். எனக்குப் பின்னால் ஒரு பெரியவர், "ஆண்டவரே, ஆண்டவரே" என்றார். நான் முதுகலை இரண்டு படித்து, நாற்பது நாள் குறிப்பெடுத்து, பேசிச் சாதிக்க நினைத்ததை இவன் பேசாமல் நின்று சாதித்துக்கொண்டிருந்தான். அவன் பேச்சின் மேல் இருந்த பொறாமையைவிட அந்த மௌனத்தின் மேல் வந்த பொறாமை பெரிது. அதோடு நேரமும் போய்க்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு முடித்தே ஆக வேண்டும். பின்னால் மூன்று வார்த்தைகள் காத்திருக்கின்றன. முதலில் வெட்டுப்படுவது ஐந்தாம் வார்த்தை. போதகர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அவன் இறங்க வேண்டும். அல்லது பேச வேண்டும். இரண்டில் ஒன்று நடக்க வேண்டும். நான் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தேன், எழுந்தேன், படியேறி அவன் கையில் கொடுத்தேன். "குடிச்சிட்டு எறங்குலே" என்றேன், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

அவன் குடித்தான். அந்தப் பீடத்தில், அந்த நாளில், என் அப்பாவின் வழக்கத்தை மீறி. சபை வாய்விட்டு அழுதது. அவன் காலி பாட்டிலைப் பீடத்திலேயே வைத்துவிட்டு, பிரசங்கத்தின் மிச்சத்தைச் சொல்லாமலே இறங்கிப் போனான்.

பாட்டு முடிந்ததும் என் முறை. ஐந்தே நிமிஷம் என்று போதகர் ஐந்து விரலைக் காட்டினார். குறிப்புத் தாள்களைப் பிரித்தேன். தாகத்தைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் காலி பாட்டில் பீடத்தில் நின்றுகொண்டிருந்தது. எதைச் சொன்னாலும் அதற்கு விளக்கம் சொல்வதுபோல ஆகிவிடும். நான்கு வாக்கியம் பேசிவிட்டு இறங்கிவிட்டேன்.

மூன்று மணிக்கு ஆராதனை முடிந்தது. மணி அடிக்க மாட்டார்கள், யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். வளாகத்தில் பாக்குமட்டைத் தொன்னையில் பயற்றங்கஞ்சியும் துவையலும் கொடுத்தார்கள். வெளியூரார் யாரானாலும் வாங்கிக் குடிக்கலாம். எலிசபெத் டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அய்யா, நீ பேசியே இருக்க வேண்டாம். தண்ணி கொண்டு போன பாரு, அதாம்ப்பா அஞ்சாம் வார்த்தை. இத்தன வருசத்துல இப்படி ஒரு பிரசங்கம் நான் கண்டதில்ல. ஒங்கப்பா இருந்து பாத்திருக்கணும்."

நாற்பது நாள் உழைப்பு. பேசியே இருக்க வேண்டாமாம்.

டீச்சர் நகர்ந்ததும் ஜெபராஜ் தொன்னையோடு என் பக்கத்தில் வந்து நின்றான். செத்த நேரம் இருவரும் கஞ்சியைக் குடித்தோம்.

"நான் எறங்கணும்னுதான தண்ணி கொண்டுட்டு வந்திய?" என்றான் மெதுவாக.

"ஆமா."

அவன் சிரித்துவிட்டான். "நெனச்சேன். அத்தானாவது, எனக்குத் தண்ணி குடுக்கதாவது!"

"திக்கிட்டியால?"

"இல்லத்தான். திக்குனா நாக்கு உள்ள இழுக்கும், எனக்குத் தெரியும். இது அதில்ல." அவன் தொன்னையைக் கீழே வைத்தான். "நீங்க வாயசைச்சிய பாத்தியளா, அதுலதான் நின்னுட்டேன்."

ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போது கேட்கப் போகிறான் என்று காத்திருந்தேன்.

"மாமா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாவ. மொதல்ல சாயங்கால ஆராதனையில என்னைய ஏத்தி விட்டாவ. எனக்குத் திக்குமேன்னு அழுதேன். நான் முன்னால உக்காந்திருக்கேன், என் வாயப் பாத்துக்கிட்டே சொல்லு, நின்னுரமாட்டன்னாவ. அவிய ஒரு சொல்லு முந்தி வாயசைப்பாவ, நான் பின்னாலயே போயிருவேன். கடைசி வருசம்வர சாயங்கால ஆராதனைக்கு அங்கதான் உக்காருவாவ, இப்ப நீங்க உக்காந்திருந்திய பாருங்க, அதே எடத்துல. அவிய போன பொறவு எதுக்க யாரையும் பாக்காமத்தான் பேசுவேன். இன்னைக்கு நிமுந்து பாத்தேன். மாமா உக்காந்து வாயசைக்காவ. அதே மூஞ்சி, அதே ஒதடு. பொறவு எங்க பேச? அவியளப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன்."

நான் தொன்னைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எனக்காக ஒருமுறையும் அப்படி உட்கார்ந்ததில்லை. எனக்குத் திக்கவில்லை, அதுதான் காரணமாக இருந்திருக்கும். திக்காததால் ஒருவன் இழக்கக்கூடியது இவ்வளவு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"அடுத்த வருசம் நாலாம் வார்த்தைய நீங்க எடுத்துக்கிடுங்க அத்தான்" என்றான். "நான் போதகர் ஐயாகிட்ட சொல்லிருதேன். நான் முன்னால உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். மாமா பேச்சு இங்க எங்கிட்ட தங்கிட்டு. அந்த மூஞ்சி ஒங்களுக்குல்லா போயிட்டு. எனக்கு அதுல எம்புட்டுப் பொறாம தெரியுமா?"

எத்தனையோ வருடம் நான் ஆசைப்பட்டதை அவன் கஞ்சி குடித்துக்கொண்டே தூக்கிக் கொடுத்தான். என் படிப்புக்காகவா, பேச்சுக்காகவா? இல்லை, மூஞ்சிக்காக. "பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவன் மனைவி கஞ்சித் தூக்குவாளி ஒன்றைக் கையில் திணித்தாள். வேண்டாம் என்றால் விடுகிற ஆள் இல்லை அவள்.

எதிரே ஸ்டாண்டில் அதே காதர். பேருந்து நிலையத்துக்கு மறுபடி அறுபது ரூபாய்.

"நாலாவது பேச்சுல மைக்கு அவுட்டாயிட்டு போல சார். செத்த நேரம் ஒண்ணுமே கேக்கல. ஆளுக அழுகுறது மட்டும் கேட்டுச்சி. பொறவு அஞ்சாவது யாரு பேசுனா? டீக்கடைக்குப் போறதுக்குள்ள முடிச்சிட்டாரே! நல்ல மனுசன்."

அறுபது ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பெரிய வெள்ளியன்று இந்தப் பக்கம் வெயில் கடுமை. வயதானவர்களையும் சர்க்கரை உள்ளவர்களையும் வெறும் வயிற்றில் உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் பாட்டில் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், எதற்கு உதவும் என்று சொல்ல முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்குவதானால் சனிக்கிழமை கிளம்பும்போது வாங்குங்கள், இரண்டு நாள் தாங்கும். சனிக்கிழமைகளில் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள சிறு குன்றின் பெருமாளைக் கும்பிடப் போகிறவர்கள் வருவதால் காலையில் ஆட்டோ கிடைப்பது சிரமம். முதல் நாளே சொல்லி வையுங்கள். கோவைக்கு நேர் வண்டி தவறினால் மதுரை போய் மாறுவது உத்தமம்.

விடுதி அறை பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். குழாயில் சுடுதண்ணீர் வராது, ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடி பெரியது, ஜன்னல் வெளிச்சம் நேராக விழும். சனிக்கிழமை காலை சவரம் செய்ய அதன் முன் நின்றேன். எனக்கு ஜெபராஜ் மேல் இருந்த பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது. அவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடியில், பாதி நுரையோடு, முந்தின நாள் விட்டுப்போன அந்த வரியைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். எதிரே அப்பா எனக்காக வாயசைத்தார். நின்றுவிடாமல் கடைசிவரை சொன்னேன்.